ஆரி வொர்க் செய்யும்போது கை மரத்துப் போகுதா? எந்த விரல் என்று முதலில் பாருங்கள்!

ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கலையுது. கட்டை விரலில் இருந்து நடுவிரல் வரை மதமதன்னு இருக்கு. கையை நாலு உதறு உதறினால் சரியாகிடும், மறுபடி தூங்கிடுவோம். காலையில் ஃப்ரேம் முன்னாடி உட்காரும்போது அது ஞாபகத்திலேயே இருக்காது.

பொழுதுபோக்காக ஆரி கற்றுக்கொண்டு, முதலில் தங்கச்சி பிளவுஸ், அப்புறம் பக்கத்து வீட்டு பிளவுஸ் என்று போய், முகூர்த்த சீசனில் நள்ளிரவு வரை ஊசி பிடிப்பவர்கள் பலருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். குரோஷா பின்னுபவர்களுக்கும், வளையத்தில் எம்ப்ராய்டரி போடுபவர்களுக்கும் இதே கதைதான். "கை வலி" என்று ஒரே வார்த்தையில் சொல்லி தைலம் தேய்த்து விடுகிறோம். ஆனால் உள்ளே நடப்பது ஒரே பிரச்னை இல்லை.

மதமதப்பா, குடைச்சலா, சுரீரா?

தமிழில் வலிக்கு இத்தனை சொல் இருப்பது சும்மா இல்லை. டாக்டரிடம் போகும்போது அதைப் பயன்படுத்துங்க. எந்த இடம், எந்த நேரம், எந்த மாதிரி என்ற மூன்றையும் சொன்னாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. இந்த இடத்தில் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருந்து, சுண்டு விரல் மட்டும் தப்பித்திருந்தால், அது பெரும்பாலும் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே குறுகலான ஒரு பாதை இருக்கு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போகின்றன. தசைநாண்களைச் சுற்றிய உறை வீங்கினாலோ, மணிக்கட்டை மடித்தபடியே வைத்திருந்தாலோ நரம்பு நசுங்கும். தூங்கும்போது நமக்குத் தெரியாமலே மணிக்கட்டு மடங்கிடும். ராத்திரியில் அதிகமாகத் தொந்தரவு தருவதற்கு அது ஒரு காரணம்.

வலி கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் சுரீர்னு இருந்தால் அது வேற. கட்டை விரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடி, மணிக்கட்டை சுண்டு விரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்க. உயிர் போற மாதிரி வலித்தால் டீ குவெர்வைன் பிரச்னையாக இருக்கலாம். 1895-ல் இதைப் பதிவு செய்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. கைக்குழந்தையைத் தூக்கும் அம்மாக்களுக்கும் இது அடிக்கடி வரும்.

விரல் மடங்கி, நிமிர்த்தும்போது 'டக்' என்று மாட்டி விடுபட்டால் அது ட்ரிக்கர் ஃபிங்கர். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல்.

தையல் மட்டும்தான் காரணமா?

அப்படி முடிவு கட்டிட வேண்டாம். தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், முடக்குவாதம், கர்ப்பம் இவையெல்லாம் கார்ப்பல் டனலுக்கு வழி விடும். பாதமும் சேர்ந்து மரத்தால் வைட்டமின் பி12 குறைவையும் பார்க்க வேண்டியிருக்கும். கழுத்து எலும்புத் தேய்மானமும் கையில் மதமதப்பு கொடுக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் "கைக்கு எதுக்கு ரத்த டெஸ்ட்?" என்று சலித்துக்கொள்ளாதீங்க.

இன்னொன்று, யாரும் கணக்கில் சேர்க்காதது. "கைக்கு ஓய்வு கொடுங்க" என்று சொல்வது சுலபம். ஃப்ரேமை விட்டு எழுந்த கை நேராகப் போவது தேங்காய் துருவவும், சப்பாத்தி மாவு பிசையவும், ஈரத்துணி பிழியவும்தான். டீ குவெர்வைன் உள்ளவருக்கு துணி பிழிவது ஆரியை விட மோசம். ஓய்வு என்றால் அந்த வேலைகளையும் வீட்டில் வேறு யாராவது செய்யணும். நடுவில் கிடைக்கும் பத்து நிமிஷத்தில் கட்டை விரலால் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால் அதுவும் ஓய்வில் சேராது.

ஃப்ரேமில் என்ன மாற்றலாம்?

ஆரியில் மேல் கை ஊசியைக் குத்தித் திருப்புது, கீழ் கை துணிக்கு அடியில் நூலைப் பிடிச்சு மாட்டி விடுது. ஃப்ரேம் தாழ்வாக இருந்தால் கீழ் கையின் மணிக்கட்டு மடிந்தே கிடக்கும். ஊசி பிடிக்காத கையில் வலி வருவது இப்படித்தான். முழங்கை ஏறக்குறைய 'ட' மாதிரி மடங்கி, மணிக்கட்டு நேராக இருக்கும் உயரத்துக்கு ஃப்ரேமைத் தூக்கி வையுங்க.

ஊசியின் கைப்பிடி ஒல்லியாக இருந்தால் இறுக்கிப் பிடிக்கத் தோணும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பென்சில் கிரிப்பை மாட்டலாம், துணி டேப் சுற்றலாம். முனை மழுங்கிய ஊசி துணியில் மாட்டி மாட்டி இழுக்கும், அதைத் தூக்கிப் போடுங்க. கேன்வாஸ் வைத்த பட்டிலும் வெல்வெட்டிலும் குத்த அதிக பலம் வேணும். அந்த வேலையை ஒரே மூச்சில் முடிக்காமல் நடுவில் வேறு வேலை செய்யலாம். பாட்டு கேட்டுக்கொண்டே போடுபவர் என்றால் ஐந்து பாட்டுக்கு ஒருமுறை கையைக் கீழே வைத்து விரல்களை விரித்து மூடுங்க.

பெல்ட், ஊசி, ஆபரேஷன்

கார்ப்பல் டனலுக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் இரவில் போடும் மணிக்கட்டு ஸ்பிளின்ட். சில வாரங்கள் விடாமல் போடணும். கடையில் வாங்கும் பலவற்றில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். இதற்கு மணிக்கட்டு நேராக இருப்பதுதான் முக்கியம், பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டி சரி செய்துகொள்ளுங்க. கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டுவது இதற்கு ஈடாகாது. சுளுக்கு என்று நினைத்து நீவி விடுவதும் நசுங்கிய நரம்புக்கு உதவாது.

அதிலும் குறையாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி போடலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு சில நாட்கள் அளவு ஏறும், முன்கூட்டியே சொல்லிடுங்க. அடுத்த கட்டம், அந்தத் தடித்த பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் கொடுக்கும் சிறிய ஆபரேஷன். சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கு. மற்ற ஊர்க்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் தொடங்கலாம்.

எப்போது தள்ளிப்போடவே கூடாது?

மதமதப்பு வந்து வந்து போகாமல் பகலிலும் நிரந்தரமாகத் தங்கினால், கொக்கி மாட்ட முடியாமல் திணறினால், டம்ளர் கை நழுவினால், உடனே போகணும். இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கட்டை விரலின் அடிமேடு ஒரு கையில் மட்டும் சப்பையாகியிருந்தால் தசை கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலைக்குப் போன பிறகு ஆபரேஷன் செய்தாலும் பழைய பிடி முழுசாகத் திரும்பாமல் போகலாம். திடீரென்று ஒரு பக்கக் கை முழுக்க பலவீனமாகி வாய் குழறினால் அது மணிக்கட்டு விஷயமே இல்லை, 108-ஐ அழைக்கணும்.