பூச்சட்டியில் கப்பலேறிய பாம்பு

எழுபதுகளின் இறுதியில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம். துறைமுகத்துக் கப்பல்களின் ஊதல் வீட்டுக்குள் கேட்கும். பெருமழை பெய்த இரவுகளில் குளியலறைத் தரையிலே கறுப்பு நூல் போல ஏதோ நெளியும். "காதுக்குள்ள போயிடும், அடியடா!" என்று அம்மம்மா அலறுவார். செருப்படியில் அதன் கதை முடியும். பின்னர் வெள்ளவத்தைக்கு மாறியபோதும் அதே நூல், அதே அலறல். அது புழுவல்ல, பாம்பு என்று நான் அறிந்தது பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே. எத்தனை உயிர்களை நசுக்கியிருப்பேன் என்று எண்ணும்போது இப்போது கூச்சமாக இருக்கிறது.

செவிப்பாம்பு, புழுப்பாம்பு, குருட்டுப்பாம்பு எனத் தமிழில் அதற்குப் பல பெயர்கள். சிங்களவர் இவ்வினத்தைக் கனஉல்லா என்பர். நீளம் பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். செதிலின் கீழ் மங்கிய இரு புள்ளிகளே கண்கள். நஞ்சு கிடையாது, மனிதரைக் கடிக்கவும் அதன் வாய் போதாது. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளும் குடம்பிகளுமே அதன் உணவு. மண்ணின் துளைகளில் வெள்ளம் நிறைந்தால் மேலே வருகிறது, அவ்வளவுதான். நம் காதைத் தேடி அது வருவதில்லை.

கிழக்கிந்தியக் கம்பனியில் பணியாற்றிய ஸ்கொத்லாந்து மருத்துவர் பற்றிக் றசல், சோழமண்டலக் கரையின் பாம்புகள் பற்றி 1796இல் வெளியிட்ட நூலில் இதனைப் படத்துடன் விவரித்தார். அவர் பதிந்த தெலுங்குப் பெயரின் பொருள் 'இரண்டு தலைப் பாம்பு'. வாலும் தலை போலவே மொட்டையாக இருப்பதால் வந்த பெயர். 1803இல் பிரெஞ்சு அறிஞர் தோதன் அதற்குச் சூட்டிய விஞ்ஞானப் பெயரில் 'பிராமினஸ்' என்ற சொல் இடம்பெற்றது. மண்ணுக்குள் கிடந்த பிராணிக்கும் ஒரு சாதிப்பெயர் கிடைத்துவிட்டது!

தென்னாசியாவே இதன் தாயகம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இன்றோ அந்தாட்டிக்கா தவிர்ந்த எல்லாக் கண்டங்களிலும் அது வாழ்கிறது. காரணம் விசித்திரமானது. இவ்வினத்தில் அனைத்தும் பெண்களே. ஆண் துணையின்றியே முட்டையிடுகின்றன. ஆகவே பூச்சட்டி மண்ணில் ஒன்றே ஒன்று ஒளிந்திருந்தாலும் ஒரு புதிய நாட்டில் குடியேற அது போதும். பாம்பில்லா நாடென்று பெயர்பெற்ற ஹவாய்த் தீவுகளுக்கு 1930இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செடிகளின் மண்ணோடு போய்ச் சேர்ந்தது.

1876இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 1,919 இறப்பர் நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. பேராதனைப் பூங்காவும் பிற நாடுகளோடு செடிகளைப் பரிமாறிக்கொண்டிருந்தது. செடியோடு மண்ணும் பயணித்த காலம் அது. மண்ணுக்குள் இருந்த பயணியைச் சுங்க அதிகாரிகள் எங்கே கண்டார்கள்! அதனால்தான் இப்பாம்பின் இயற்கை எல்லையை வரைவது கடினம். அது பரவிய வரைபடம், உண்மையில் கப்பல்களின் வரைபடம்.

இதன் ஒன்றுவிட்ட உறவினரின் கதை நேர்மாறானது. 1947இல் அமெரிக்க ஆய்வாளர் எட்வேர்ட் ரெய்லர் இலங்கைக் குருட்டுப்பாம்புகள் சிலவற்றைப் புதிய இனங்களாக விவரித்தார். ஒன்றுக்கு லங்கா என்றும் இன்னொன்றுக்கு வேடர் என்றும் நினைவூட்டும் பெயர்கள். இவை இத்தீவுக்கு அப்பால் இல்லை. கிடைத்த மாதிரிகளும் சொற்பமே. உடலைச் சுற்றியுள்ள செதில் வரிசைகளை உருப்பெருக்கியில் எண்ணினால்தான் இனம் தெரியும். பிராமினஸுக்கு அவை 20. செருப்பைத் தூக்கிய கைக்கு அந்த எண்ணிக்கைக்கெல்லாம் நேரமேது?

கரிபியனிலுள்ள பார்படோஸ் தீவில் 10 சென்ரிமீற்றர் அளவே நீளமுள்ள நூல்பாம்பு ஒன்று உண்டு. உலகின் மிகச் சிறிய பாம்பாகக் கருதப்படும் அது, 2008இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாதிருந்து, 2025 மார்ச்சில் ஒரு கல்லின் அடியிலே மீண்டும் அகப்பட்டது. கண்டவர்கள் உடனே கொண்டாடிவிடவில்லை. ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதிசெய்த பிறகே செய்தியை வெளியிட்டார்கள். அந்தத் தீவிலும் ஏற்கெனவே குடியேறி, அதனைப் போலவே தோற்றமளித்த நம்மூர்ச் செவிப்பாம்பே அவர்களின் தயக்கத்துக்குக் காரணம். பார்படோஸ் பாம்புக்கு ஆண் துணை வேண்டும். அப்படியும் ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான். நம்முடையதற்கு எவர் துணையும் வேண்டியதில்லை.