கால்வாய்க்கு ஒரு புத்தகம்

சிட்னி மெட்ரோவில் ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். 2019ல் வடமேற்குப் பாதை தொடங்கியபோது வந்த 22 ரயில்களும் நம்ம தடா பக்கத்து ஸ்ரீ சிட்டியில் செய்தவை. கூட வருபவர்களிடம் சொன்னால் "அப்படியா?" என்று கேட்டுவிட்டு செல்போனுக்குத் திரும்பிவிடுகிறார்கள் :-)

ஸ்ரீ சிட்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. அதன் வழியாகப் போவது பக்கிங்ஹாம் கால்வாய். லாரிகள் வருவதற்கு முன் அந்தப் பக்கத்து விறகும் உப்பும் சென்னைக்கு வந்தது இதில் ஓடிய படகுகளில்தான். 1806ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்தது, கடைசியில் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்களை வைத்து, 1877-78ல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள்.

1898ல் ஏ.எஸ். ரஸ்ஸல் என்பவர் இந்தக் கால்வாயின் வரலாற்றை எழுதினார். பழம்பெருமை பேசும் புத்தகம் இல்லை. கால்வாயை இனி எப்படிப் பராமரிப்பது என்பதற்கான வழிகாட்டி என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார். அடுத்து வரும் இன்ஜினியருக்காக எழுதியது!

போக்குவரத்துக்கென்றே தனி நூலகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1958லிருந்து அப்படி ஒரு நூலகம் இருக்கிறது. பெரிய திட்டங்களால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று அரசு தயாரித்த அறிக்கைகளை 1969லிருந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் டெல்லியிலும் 1952ல் தொடங்கிய மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நூலகம் உண்டு. சாலைக்கு வாய் கிடையாது. அதற்கு நடந்ததை இந்த அலமாரிகள்தான் சொல்லவேண்டும்.

ஆனால் அலமாரியில் இருந்தால் மட்டும் போதுமா? 1960, 70களின் புயல்களில் கால்வாய் சேதமானது, மண் மேடிட்டது, படகுகள் நின்றுபோயின. 1990களில் சென்னையில் பறக்கும் ரயிலுக்கான தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டோம். ஒரு போக்குவரத்தை வைக்க இன்னொரு போக்குவரத்தின் கழுத்தில் கால் வைத்தோம்.

2004 சுனாமியில் அதே கால்வாய் கடல்நீரை வாங்கிக்கொண்டு கரையோரத்தில் பல இடங்களைக் காப்பாற்றியதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2008ல் அதைத் தேசிய நீர்வழி 4ல் சேர்த்தது அரசு. சாக்கடை என்று கைகழுவியது மறுபடி திட்டமாகிவிட்டது.

1898ல் ரஸ்ஸலுக்குச் சுனாமி தெரியாது, தூண்களும் தெரியாது. நமக்குத் தெரியும். ஆனால் இதையெல்லாம் சேர்த்து அடுத்த இன்ஜினியருக்காக யாராவது எழுதி வைக்கவேண்டாமா? திட்ட அறிக்கைகள் அலுவலக பீரோவுக்குள் தூங்கினால் பயனில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும் நூலகத்துக்கு அவை வரவேண்டும். ஸ்ரீ சிட்டிக்கு வரும் சாலைகளின் கதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரயில் பெட்டி செய்யத் தெரிந்த ஊருக்கு ஒரு அலமாரி செய்வது பெரிய வேலையா என்ன?