இரண்டு வறட்சிகள், ஒரே மாகாணம்: அன்ஹுயியில் கூட்டுப் பண்ணையும் பஞ்சமும்

1959 முதல் 1961 வரை நீடித்த சீனப் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி என்பாரும் உண்டு, நாலரைக் கோடி என்பாரும் உண்டு. காரணத்தைப் பற்றிய வழக்கு அதைவிடப் பழையது. அரசு அந்த ஆண்டுகளை நெடுங்காலம் இயற்கைப் பேரிடர்க் காலம் என்றே குறித்துவந்தது. 1962 தொடக்கத்தில் பெய்ஜிங்கில் நடந்த ஏழாயிரம் கட்சி ஊழியர் மாநாட்டில் அன்றைய நாட்டுத் தலைவர் லியு ஷாவோசி, ஹூனான் விவசாயிகளின் கணிப்பு என்று சொல்லி, மூன்று பங்கு இயற்கை, ஏழு பங்கு மனிதர் என்றார். துணிச்சலான பேச்சுதான். ஆனால் பங்கு பிரிக்கும் இந்த முறையே ஆய்வாளர்களை இன்றுவரை திசைதிருப்பி வருகிறது என்பது என் வாதம். வறட்சி விளைச்சலைக் குறைக்கும். குறைந்துவிட்டது என்று ஊரார் சொல்ல முடியாதபடி செய்துவிட்டால்தான் அந்தக் குறைவு பஞ்சமாகும்.

முதலில் மழையோடு தொடர்பில்லாதவற்றை ஒதுக்கிவிடுவோம். 1958 ஆகஸ்டுக்குப் பின் சில மாதங்களில் நாட்டின் ஏறத்தாழ எல்லா உழவர்களும் மக்கள் கம்யூன்கள் எனப்பட்ட சுமார் 26,000 பெருங் கூட்டுப் பண்ணைகளுக்குள் வந்துவிட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் கோடிக்கணக்கானோர் இரும்பு உருக்கப் போனதால் நல்ல விளைச்சலில் ஒரு பகுதி அறுக்க ஆளின்றி வயலிலேயே கிடந்தது. அடுத்த ஆண்டு, குறைந்த நிலத்தில் அதிகம் விளைவிக்கலாம் என்ற நம்பிக்கையில் தானியப் பரப்பைச் சுமார் 9 விழுக்காடு சுருக்கினார்கள். இது எந்த வானமும் செய்த வேலையன்று.

அந்த நம்பிக்கை வந்த வழி கவனிக்கத் தக்கது. 1958 ஆகஸ்டில் ஹுபெய் மாகாணத்தின் மாசெங்கில் ஒரு மூ நிலத்தில், அதாவது ஏக்கரில் ஆறில் ஒரு பங்கில், 18 டன்னுக்கு மேல் நெல் விளைந்ததாகச் செய்தித்தாள் அறிவித்தது. ஏக்கருக்கு நூறு டன்னைத் தாண்டும் கணக்கு. நெல் பயிரிட்ட எவரும் சிரித்துவிடுவார். பல வயல்களில் முற்றிய பயிரை வேரோடு பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டுவைத்துக் காட்டுவதே இத்தகைய சாதனைகளின் வழக்கமான உத்தி. காட்ட வந்தவருக்கும் பார்க்க வந்தவருக்கும் விவரம் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அந்த எண் மேலே போய்க் கொள்முதல் இலக்காகத் திரும்பி வந்தது.

உண்மை விளைச்சல் 1958இல் 20 கோடி டன், 1959இல் 17 கோடி, 1960இல் 14.35 கோடி. 1959இல் அரசு எடுத்தது 6.7 கோடி டன், விளைச்சலில் ஏறக்குறைய 40 விழுக்காடு. ஊர்களுக்கே திரும்ப விற்றதைக் கழித்தாலும் 28 விழுக்காடு. 1957இல் அது 17தான். அதே ஆண்டு 40 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதியும் ஆனது. அன்ஹுயியை ஒட்டிய ஹெனானில், 1959 வறட்சியில் காய்ந்த சின்யாங் வட்டாரத்தில், விளைச்சல் குறைந்தது என்ற ஊழியர்கள் வலதுசாரிகள் எனப்பட்டார்கள். தானியம் பதுக்கப்பட்டிருக்கிறது என்று வீடு வீடாகச் சோதனை நடந்தது. பிச்சைக்கு வெளியேறியவர்கள் வழியில் மறிக்கப்பட்டார்கள். அவ்வாண்டு கோடையில் லூஷான் கட்சிக் கூட்டத்தில், இந்தக் கொள்கையை விமர்சித்த பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் வீழ்த்தப்பட்டதைக் கண்ட மாவட்டச் செயலாளர் எவரும் வறட்சி என்ற சொல்லை எழுதத் துணிந்திருக்க மாட்டார்.

ஒய்.ஒய். குவே போன்றோர் வானிலையின் பங்கு பெரிது என்று காட்டியிருப்பதை மறுக்க வேண்டியதில்லை. ஜஸ்டின் யிஃபு லின், கூட்டுறவை விட்டு விலகும் உரிமை பறிபோனதே உழைப்பைக் கெடுத்தது என்கிறார். இரண்டும் விளைச்சல் ஏன் விழுந்தது என்பதற்கான விடைகள். ஆட்கள் ஏன் செத்தார்கள் என்பது வேறு கேள்வி. அதிகம் விளைந்த பகுதிகளிலேயே சாவு மிகுந்திருந்தது என்ற மெங், சியான், யாரெட் ஆகியோரின் 2015 முடிவு இந்த இரண்டாம் கேள்விக்கு உரியது. அதற்கு மழைக்கணக்கில் விடை கிடையாது.

விடையைச் சோதிக்க இன்னொரு வறட்சி உண்டு: 1978இல் அன்ஹுயியை மீண்டும் கடும் வறட்சி தாக்கியது. இலையுதிர் காலத்தில் மண் இறுகி, கோதுமை விதைக்க முடியாமல் கிடந்தது. மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லியின் தலைமை எடுத்த முடிவு எளியது: கம்யூன் விதைக்க முடியாத நிலத்தை உழவர்களுக்குக் கடனாகக் கொடுப்பது, அதில் விளைவதைக் கொள்முதல் கணக்கில் சேர்க்காதிருப்பது. குடும்பம் குடும்பமாக இறங்கி அந்த மண்ணைக் கொத்தினார்கள். ஃபெய்சி மாவட்டத்தின் சில ஊர்கள் அதையும் தாண்டி விளைச்சல் பொறுப்பையே குடும்பங்களிடம் விட்டன. ஃபெங்யாங்கின் சியாவ்காங்கில் பதினெட்டு வீட்டார் கைநாட்டு வைத்த ஒப்பந்தம் பின்னால் புகழ்பெற்றது. அரசே அதைக் காவியமாக்கிவிட்டதால் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது.

இந்த ஒப்பீட்டில் ஓட்டைகள் உண்டு. 1978இல் ரசாயன உரம் இருந்தது, பாசனம் விரிந்திருந்தது. அதிலும் அன்ஹுயியின் மாபெரும் பிஷிஹாங் கால்வாய் அமைப்பைத் தோண்டத் தொடங்கியது 1958இல், கம்யூன் ஆட்களைக் கொண்டுதான். பட்டினி கிடந்தவர்கள் வெட்டிய வாய்க்காலில் இன்றும் நீர் ஓடுகிறது. கூட்டுப் பண்ணை எதையும் சாதிக்கவில்லை என்போர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் உரமும் வாய்க்காலும்தான் முழு விளக்கம் என்போருக்கு 1961 இடிக்கிறது. அன்ஹுயியில் 1960இல் ஆயிரத்துக்கு 68 பேருக்கு மேல் இறந்ததாக அரசுப் புள்ளிவிவரமே சொல்கிறது. அப்போது அங்கே செயலாளர் செங் சிஷெங், மாவோவின் தீவிர விசுவாசி. அடுத்த ஆண்டே அவர் வயல்களைக் குடும்பப் பொறுப்பில் விட அனுமதித்தார். ஆண்டு இறுதிக்குள் உற்பத்திக் குழுக்களில் 85 விழுக்காடு அந்த முறைக்கு மாறின. அதே ஆள், அதே மண், அதே பழைய வாய்க்கால். 1962இல் அவர் பதவி இழந்தார். பொறுப்பு வயல்களும் திரும்பப் பெறப்பட்டன. வான் லி வரும்வரை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த ஏற்பாட்டை அங்கே யாரும் வெளிப்படையாகத் தொடவில்லை.