நான்கு கோடி அட்டைகள்

1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் 4 கோடியே 15 லட்சம் அட்டைகளை வெளிநாடுகளிலிருந்து தருவித்தது. அத்தனையும் நோயாளிகளின் ரத்தத்தை உறிஞ்சுவதற்கு. இந்தப் பெரும்பசியைக் கிளப்பிவிட்டதில் முதல் பங்கு பிரான்சுவா புரூசே என்ற மருத்துவருக்கு உண்டு.

நெப்போலியனின் படையோடு ஐரோப்பாவைச் சுற்றி வந்த புரூசே, பின்னர் பாரிஸில் வால்-த-கிராஸ் ராணுவ மருத்துவமனையில் பேராசிரியரானார். இறந்த சிப்பாய்களை அறுத்துப் பார்த்தபோது இரைப்பையும் குடலும் சிவந்திருக்கக் கண்டார். காய்ச்சலோ வேறு எந்த நோயோ, வேர் இரைப்பை, குடல் அழற்சியில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். இறந்தபின் இரைப்பை சிவப்பது இயல்பே, அதை அழற்சி என்று கொள்ளக் கூடாது என 1813லேயே லண்டன் மருத்துவர் ஜான் யெல்லோலி எழுதியிருந்தார். அந்த எச்சரிக்கை பாரிஸில் எடுபடவில்லை.

சிகிச்சை எளிமையானது: பட்டினி போடு, அட்டை விடு. பசித்த அட்டைகளைச் சிறு கண்ணாடிக் குவளையில் போட்டு மேல்வயிற்றில் கவிழ்ப்பார்கள். கடிக்க மறுத்தால் தோலில் பாலோ சர்க்கரைத் தண்ணீரோ தடவுவார்கள். வயிறு நிறைந்ததும் அட்டை தானே உதிர்ந்துவிடும். கடிவாயிலிருந்து மட்டும் மணிக்கணக்கில் ரத்தம் கசியும். ஒரே நேரத்தில் முப்பது, ஐம்பது அட்டைகள்கூட விடப்பட்டன. ஏற்கெனவே சோறின்றித் துவண்டு கிடந்த உடலுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை!

உள்நாட்டுச் சதுப்புகளில் அட்டை அருகிப்போகவே, வணிகர்கள் ஹங்கேரிக்கும் துருக்கிக்கும் போனார்கள். ஏழைகள் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, காலில் ஒட்டியவற்றைப் பிடுங்கி விற்றார்கள். போர்தோ பக்கத்துப் பண்ணைகளில் கிழட்டுக் குதிரைகளைச் சதுப்பில் இறக்கி அட்டைகளுக்கு இரையாக்கினார்கள். பாரிஸ் சீமாட்டிகளின் உடைகளிலும் அட்டை வடிவ அலங்காரம் ஏறியது.

1832இல் பாரிஸைக் காலரா தாக்கியது. அதுவும் இரைப்பை, குடல் அழற்சியே என்றார் புரூசே. அவரிடம் சிகிச்சை பெற்ற பிரதமர் கசிமீர் பெரியே மே மாதம் இறந்துபோனார். இதற்கிடையே பியேர் லூயி என்ற மருத்துவர், மற்றவர்கள் செய்யத் துணியாத ஒரு வேலையைச் செய்தார்: எண்ணிப் பார்த்தார். அவர் கணக்கெடுத்த 77 நிமோனியா நோயாளிகளில், முதல் நான்கு நாட்களுக்குள் ரத்தம் எடுக்கப்பட்டவர்களில் 44 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எடுக்கப்பட்டவர்களில் 25 சதவீதம்.

புரூசேயின் இரைப்பை பிணத்தின் இரைப்பை. உயிருள்ள இரைப்பையைப் பார்க்கும் வாய்ப்பு அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்டுக்குக் கிடைத்தது. 1822இல் மாக்கினாக் தீவில் குண்டடிபட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் பிழைத்தார். ஆனால் அவர் வயிற்றில் விழுந்த துளை மூடவே இல்லை. அதன் வழியே போமண்ட் ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1833 கோடையில் செயின்ட் மார்ட்டின் சில நாட்கள் தொடர்ந்து குடித்தபோது, இரைப்பையின் உள்சவ்வு திட்டுத்திட்டாகச் சிவந்து புண்பட்டிருந்தது. அவரோ வலியில்லை, பசி நன்றாக இருக்கிறது என்றார். குடியை விட்ட சில நாட்களில் சவ்வு தேறியது. அந்த ஆண்டே போமண்டின் நூல் வெளிவந்தது.

மருத்துவரின் கைக்கு இன்று எண்டோஸ்கோபி வந்துவிட்டது. இரைப்பை அழற்சிக்கு மதுவைப் போலவே வலிநிவாரணி மாத்திரைகளும் காரணமாகலாம் என்பதும் தெரியும். எல்லாவற்றிலும் பெரிய காரணம் 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கப்பட்டது: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அதைக் கண்டறிந்த ராபின் வாரனுக்கும் பாரி மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலும் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்து அந்தக் கிருமியை ஒழிக்கிறார்கள்.