வெளியை அஞ்சும் உள்ளம்

அச்சம் எல்லா உயிர்க்கும் இயல்பு. புலியைக் கண்டு அஞ்சுவதும் புயலைக் கண்டு ஒடுங்குவதும் இழுக்கல்ல. ஆயின், பட்டப்பகலில், தீங்கு செய்வார் எவரும் இல்லாத தெருவில் ஒருவன் காலெடுத்து வைக்க இயலாமல் நடுங்குவானாயின், அதனை என்னென்பது? கோழைமை என்று எள்ளுவோர் பலர். மருத்துவ வரலாறு கூறுவது வேறு.

1871ஆம் ஆண்டில் பெர்லின் நகர மனநோய் மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கண்ட ஆடவர் மூவர்க்கும் குறை ஒன்றே. அகன்ற திடலையோ ஆளில்லாத் தெருவையோ கடக்க முற்பட்டால் பேரச்சம் பற்றிக்கொள்ளும். அவ்வச்சத்திற்குக் காரணமில்லை என்பதை அவர்களே அறிந்திருந்தனர். அறிந்தும் கால் பெயரவில்லை. இந்நோய்க்கு அவர் இட்ட பெயர் 'அகோராபோபியா'. 'அகோரா' என்பது பண்டைக் கிரேக்க நகரங்களில் மக்கள் கூடிய சந்தைத் திடல். 'போபோஸ்' என்பது அச்சம்.

வெஸ்ட்பால் மற்றொன்றும் கண்டார். துணைக்கு ஒருவர் உடன்வந்தால், கையில் ஓர் ஊன்றுகோல் இருந்தால்கூட, அச்சம் தணிந்தது. திடலே பகையாயின் கோல் என்ன செய்யும்? உண்மையில், இவ்வச்சம் இடத்தைப் பற்றியதன்று. அங்கே தளர்ந்துவிட்டால் தப்பவோ உதவி பெறவோ இயலாதே என்பதைப் பற்றியது. ஆதலின், கூட்டமும் பேருந்தும்கூட இந்நோயாளரை அச்சுறுத்துகின்றன.

இந்நோய் வளரும் வகை வியப்பானது. அஞ்சியவர் பாதிவழியில் வீடு திரும்புகிறார். உடனே நெஞ்சு ஆறுகிறது. அந்த ஆறுதலே மறுநாள் அச்சத்திற்கு உரமாகிறது. முதலில் திடல் விலகும். பின் தெரு விலகும். முடிவில் வாயிற்படியே எல்லையாகும்.

மீளும் வழி யாது? அச்சத்தோடு தெருவில் இறங்கிப் போராடினாலன்றி இந்நோயாளர்க்கு உளப்பகுப்பாய்வு பயன்தராது என்று பிராய்டே 1919இல் எழுதினார். சிட்னி மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1962இல் வெளியிட்ட நூலில், அச்சத்தோடு மல்லுக்கு நில்லாமல், அதனை எதிர்கொண்டு, ஏற்று, அது தானே தணியும்வரை பொறுத்திருக்கக் கற்பித்தார். இன்றைய மருத்துவமும் படிப்படியாக வெளியே செல்லும் பயிற்சியையே முதன்மையாகக் கொள்கிறது. இன்று வாயில் வரை. நாளை தெருமுனை வரை. நடுக்கம் அடங்கும்வரை அங்கேயே நிற்றல் வேண்டும். மருந்தும் சிலர்க்குத் துணைசெய்யும்.

ஆசிரியர்களே! வகுப்பிற்கு வர அஞ்சும் மாணவனையோ வீட்டைவிட்டு வெளிவராத உறவினரையோ காணின், சோம்பல் என்று கடியாதீர். மருத்துவரிடம் செல்ல வழிகாட்டுங்கள். முதல் நாள் நீங்களும் உடன் நடந்து செல்லுங்கள்.