பாக்கு நீரிணையை நீந்திக் கடக்க என்ன வேண்டும்?

1954 மார்ச்சில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி, வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து கடலில் இறங்கினார். 27 மணித்தியாலங்கள் நீந்தி, தமிழகத்தின் கோடியக்கரையில் கரையேறினார். பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவராக அவரது பெயரே பதிவாகியுள்ளது. வடமராட்சியின் பெருமையாக இதை அடிக்கடி சொல்கிறோம். அப்படி ஒரு வீரர் உருவாக என்னென்ன தேவை என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

தொழில் வேறு, விளையாட்டு வேறு

விளையாட்டையே பிழைப்பாகக் கொள்ளாமல் அதன் உச்சியைத் தொட்டவர்கள் உலகெங்கும் உண்டு. அமெரிக்க கோல்ப் வீரர் பொபி ஜோன்ஸ் ஒரு சட்டத்தரணி. பரிசுப் பணம் பெறாமலே விளையாடிய அவர், 1930ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய இரு நாடுகளின் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றார். நமது ஆழிக்குமரன் ஆனந்தனும் சட்டத்தரணிதான். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த அவர், 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கும் 51 மணித்தியாலங்களில் நீந்தினார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார்.

வேலைக்கும் போய்க்கொண்டு விளையாடுபவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் எதைப் பயிற்சி செய்கிறார், யார் துணை நிற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வேகமல்ல, தாக்குப்பிடித்தல்

வல்வெட்டித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையே 50 கிலோமீற்றருக்கு மேல் கடல். அதை 27 மணித்தியாலங்களில் கடப்பதென்றால் மணிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர், அதாவது 100 மீற்றருக்குச் சுமார் மூன்று நிமிடம். நீந்தப் பழகிய எந்தப் பாடசாலை மாணவரும் இந்த வேகத்தில் 100 மீற்றர் நீந்துவார். அதே வேகத்தை ஒரு முழு இரவும் சேர்த்து 27 மணித்தியாலங்கள் விடாமல் பிடித்திருப்பதே கடினம். நிமிடத்துக்கு 60 கைவீச்சு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 97,200 கைவீச்சுகள். ஒவ்வொரு வீச்சிலும் உள்ள சிறு பிழைகூட பல்லாயிரம் தடவை தோள்மூட்டில் ஏறும்.

ஆகவே முதல் வேலை நடையைத் திருத்துவது: உடலை நீர்மட்டத்தோடு நேராக வைத்திருப்பது, இரு பக்கமும் மூச்செடுக்கப் பழகுவது, காலைக் குறைவாக அடித்துச் சக்தியைச் சேமிப்பது. தூரம் அதன் பிறகுதான். 400 மீற்றரை நிற்காமல் நீந்த முடிந்த பின் 1500 மீற்றர், பின்னர் ஐந்து கிலோமீற்றர், அதன் பின்னரே பல மணித்தியாலப் பயிற்சிகள் என்று மெல்ல ஏற்றவேண்டும். ஆங்கிலக் கால்வாயை நீந்த விரும்புவோர் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் அல்லது அதைவிடக் குளிர்ந்த நீரில் ஆறு மணித்தியாலங்கள் நீந்திக் காட்டினால்தான் அனுமதி. நமது கடலில் குளிர் பிரச்சினையில்லை. வெயிலும், உப்பு நீரால் நாக்கும் தொண்டையும் புண்படுவதும், சொறிமுட்டையும்தான் பிரச்சினை. இரவு நீச்சலைத் தனியாகப் பழகவேண்டும்.

காற்றும் நீரோட்டமும்

வாடைக் காற்று தணிந்து சோளகம் பலமாவதற்கு முந்திய மார்ச், ஏப்ரல் மாதங்களே கடல் அமைதியாக இருக்கும் காலம். நவரத்தினசாமி இறங்கியது மார்ச்சில். 1966இல் இந்தியாவின் மிஹிர் சென்னும், 2021இல் ரொஷான் அபேசுந்தரவும் இறங்கியது ஏப்ரலில். தலைமன்னார் - தனுஷ்கோடி இருவழிப் பாதையை ரொஷான் 28 மணித்தியாலங்கள் 19 நிமிடங்களில் முடித்து, ஆனந்தனின் 50 ஆண்டுகாலச் சாதனையை முறியடித்தார்.

காலம் சரியாக அமைந்தாலும் நீரோட்டம் நீந்துபவரைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். வரைபடத்திலுள்ள தூரத்தைவிட உண்மையில் நீந்தும் தூரம் கூடும். எப்போது இறங்குவது, எந்தப் பக்கம் சாய்த்து நீந்துவது என்பதைச் சொல்ல, அந்தக் கடலில் தொழில் செய்பவர்கள் வேண்டும்.

படகில் இருப்பவர்கள்

நெடுந்தூர நீச்சலின் பொது விதிகள் கடுமையானவை. நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி தவிர மிதக்க உதவும் எதையும் அணியக்கூடாது. படகைத் தொடக்கூடாது. உணவைக் கயிற்றிலோ கழியிலோ நீட்ட, மிதந்தபடியே வாங்கவேண்டும். அரை மணிக்கொரு தடவை குளுக்கோஸ் நீர், கஞ்சி, வாழைப்பழம் போன்றவற்றைச் சிறிதளவில் கொடுப்பார்கள். நேரத்தைப் பதிய ஒரு கண்காணிப்பாளரும், நீந்துபவரின் பேச்சுக் குழறுகிறதா, கைவீச்சுக் குறைகிறதா என்று பார்க்க ஒருவரும் தேவை. வேண்டாம் என்று அவர் மறுத்தாலும் தூக்கி ஏற்றும் அதிகாரம் படகில் இருப்பவருக்கு இருக்கவேண்டும். இன்று இவற்றோடு இரு நாடுகளின் அனுமதியும் வேண்டும்.

நாங்கள் இழந்ததும் இருப்பதும்

போர்க்காலத்தில் வடமராட்சியில் பிறந்த என் வயதினருக்குக் கடல் என்றால் தடை, பாஸ், கடற்படைப் படகு. தொண்டைமானாற்றுக்கு மேற்கே வலிகாமம் வடக்கின் கரை உயர்பாதுகாப்பு வலயமாகியது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பிள்ளைகளைக் கடலில் இறங்கவிடப் பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவு, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வளர்ந்தும் நீந்தத் தெரியாத பலரை நான் அறிவேன்.

ரொஷான் விமானப்படையைச் சேர்ந்தவர். அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றது. நமது பிள்ளைகளுக்குப் பின்னால் யார் நிற்பது?

பெரிய செலவு தேவையில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் நீச்சல் தடாகம் உண்டு. அடிப்படையை அங்கே பழகலாம். கடலில் பழக, கயிறும் மிதவையும் கட்டி எல்லை குறித்த ஓர் இடமும், முதலுதவி தெரிந்த உயிர்காப்பாளர் ஒருவரும், கூடவே வர ஒரு படகும் போதும். தனியாக யாரும் இறங்கக்கூடாது. காற்றும் நீரோட்டமும் தெரிந்த மூத்த கடற்றொழிலாளர்கள் எங்கள் கரையில் இன்னும் இருக்கிறார்கள். விளையாட்டுக் கழகங்களும் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் விழாவுக்கும் கட்டடத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒரு நீச்சல் பயிற்றுநரின் சம்பளத்துக்கு ஒதுக்கினால், வரும் மார்ச்சிலேயே தொடங்கலாம். எல்லோரும் பாக்கு நீரிணையைக் கடக்கவேண்டியதில்லை. கடலில் விழுந்தால் கரைக்கு வந்துசேரத் தெரிந்தால், முதலில் அதுவே பெரிய காரியம்.