பத்தி வகுத்தவர் கடமை

வைகையின் வடகரையில் வண்டியூர்க் கண்மாயை அண்டி விரிந்திருக்கும் கே.கே. நகரில் ஒரு மனை வாங்க விழைபவர், விலை பேசுமுன் அந்நிலத்தின் பழைய புல எண்ணைக் கேட்டறிந்து, அது அ-பதிவேட்டில் நன்செய் என்றோ, புன்செய் என்றோ, நீர்நிலைப் புறம்போக்கு என்றோ எவ்வாறு குறிக்கப்பட்டிருந்தது என்று பார்த்துக்கொள்வது விவேகம். நிலம் கண்ணெதிரே கிடந்தாலும் அதன் குணாதிசயங்களைக் காகிதத்தில் கண்ட பிறகே அதை நம்புவது என்னும் இந்த வழக்கத்திற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. மேஜைக் கணினியின் தரவுத்தள மென்பொருளில் இன்று நாம் ஒவ்வொரு பொருளின் பண்புகளையும் பார்த்து அமைக்கும் வித்தையும் அந்தச் சரித்திரத்தின் தொடர்ச்சியே என்பது என் துணிபு.

1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ நிலைநிறுத்திய ரயத்துவாரி முறை, குடியானவன் ஒவ்வொருவனிடமும் சர்க்கார் நேரே தீர்வை வாங்குவதாக அமைந்தமையால், ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே அறிந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாயிற்று. 1858-ஆம் ஆண்டில் இதற்கெனத் தொடங்கிய நில அளவையும் நிலவரித் திட்டமும் வயல்தோறும் சங்கிலி பிடித்து அளந்து எண்ணிட்டு, இறுதியில் ஒரு பெரிய பதிவேட்டில் வந்து முடிந்தன. புல எண், உட்பிரிவு, நிலத்தின் வகை, பாசன ஆதாரம், இருபோகமா என்பது, மண் வயனமும் ரகமும், மண் தரம், தீர்வை வீதம், பரப்பு, பட்டாதாரர் பெயர், கடைசியில் ‘குறிப்பு’ என்று வரிசையாகப் பத்திகள் வகுக்கப்பட்ட அந்தப் பதிவேடே நாம் இன்று அ-பதிவேடு என்று வழங்குவது. மண்ணைப் பற்றி எவரும் எதையும் எழுதிவிட முடியாதபடி, முன்னரே வரையறுத்த வகைகளுள் ஒன்றையே எழுத வேண்டும் என்று விதித்ததுதான் அதன் பிரதான சிறப்பு.

ஆனால் பத்தி வகுப்பவன் எதை வகுக்காமல் விடுகிறானோ அது சர்க்காரின் கண்ணுக்குப் புலப்படாமலே போகும். அ-பதிவேட்டில் பட்டாதாரருக்கு இடம் உண்டு. குத்தகைக்கு எடுத்து உழுது பயிரிடுகிறவனுக்குத் தனிப் பத்தி கிடையாது. அவனது உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே 1969-இல் தமிழ்நாட்டில் ஒரு தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஒரு பத்தியின் இன்மையை ஈடுசெய்ய ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்றால், பத்தி வகுக்கும் காரியம் எவ்வளவு பொறுப்புடையது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

அந்தச் சட்டம் பிறந்ததற்கு மறு ஆண்டாகிய 1970-இல், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த எட்கர் காட், எந்தத் தரவையும் நிரைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாகவே கொள்ளலாம் என்னும் சித்தாந்தத்தை வெளியிட்டார். 1980-களில் ஆஷ்டன்-டேட் நிறுவனம் விற்ற, வேய்ன் ராட்லிஃப் எழுதிய டிபேஸ் என்னும் மென்பொருள் அட்டவணைகளைச் சிறு கணினிக்கும் கொண்டுவந்தது. அதில் ஒரு பத்திக்குரிய பண்புகள் மிகச் சொற்பம்: பத்து எழுத்துக்கு மேற்படாத பெயர், வகை, அகலம், தசம இடம் என்ற நான்கே. ‘டிஸ்ப்ளே ஸ்ட்ரக்சர்’ என்று தட்டினால் அவற்றைக் காணலாம். ‘மாடிஃபை ஸ்ட்ரக்சர்’ என்று தட்டினால் மாற்றலாம். 1990-களில் தமிழ்நாட்டுப் பயிற்சி நிலையங்களில் டிபேஸும் ஃபாக்ஸ்புரோவும் கற்ற தலைமுறைக்கு இவை மனப்பாடமான கட்டளைகள்.

அகலம் என்ற அந்த ஒரு பண்பே தமிழுக்குச் சங்கடம் விளைத்தது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் என்னும் கணினி எழுத்துக் குறியீடுகளில் ‘கொ’ என்னும் ஓரெழுத்து மூன்று எழுத்திடங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஆங்கிலப் பெயர்களை மனத்திற்கொண்டு அகலத்தைக் குறுக்கி அமைத்த பத்தியில் தமிழ்ப் பெயரின் வால் அறுபடுவதற்கு இடமிருந்தது.

1992 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆக்சஸ் இந்த வித்தையை வெகுவாக விரித்தது. அட்டவணையின் புலம், படிவம், அறிக்கை, படிவத்திலுள்ள சிறு பெட்டி ஆகிய யாவும் அதில் பொருள்களே; ஒவ்வொன்றுக்கும் தனிப் பண்புகள் உண்டு; படிவத்தையோ அறிக்கையையோ வடிவமைக்கும்போது எஃப்4 விசையை அழுத்தினால் பண்புத்தாள் தோற்றம், தரவு, நிகழ்வு என்று பகுத்து நம் முன் விரியும். பரப்பு பூஜ்யத்துக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும் என்று விதி எழுதலாம். விதியை மீறுகிறவருக்குக் காட்டவேண்டிய வாசகத்தையும் எழுதலாம். வெறுமையாக விடக்கூடாது என்று கட்டளையிடலாம். ஆயினும் இயல்பு மதிப்பு என்னும் பண்பு இனி வரப்போகும் பதிவுகளுக்கே செல்லும், ஏற்கெனவே எழுதியவற்றைத் தீண்டாது, பழைய தரவின் மேல் புதிய விதியை வைத்தாலோ, இருப்பதையும் சோதிக்கவா என்று மென்பொருள் நம்மைக் கேட்கும், முடிவு நம்முடையதே.

‘விளக்கம்’ என்னும் பண்பு இவற்றுள் விசேஷமானது. நிரல் எழுதி அதைப் படிக்க முயல்பவர், அதற்கு யாரும் அதுவரை மதிப்பு எழுதியிராவிட்டால், பண்பு காணப்படவில்லை என்னும் 3270-ஆம் எண் பிழையையே பெறுவார். முதன்முதலாக ஒருவர் விளக்கம் எழுதும்போதுதான் அப்பண்பு பிறக்கிறது. அ-பதிவேட்டின் ‘குறிப்பு’ப் பத்தியோ எழுதுவார் இல்லாதபோதும் காத்திருந்தது, நிலம் வகை மாறியபோது எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் மாறிற்று என்பதை அது தாங்கியது. ஆக்சஸில் ஒரு பண்பை மாற்றினால் பழைய மதிப்பு சுவடின்றி மறையும். யார், ஏன் மாற்றினார் என்பதை மென்பொருள் தானாக எழுதி வைப்பதில்லை.

கிராமப் பதிவேடுகளைப் பேணிய கர்ணங்களின் பதவி 1980-இல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்து, பதிவேடுகளும் கணினிக்கு ஏறிய பின்னர், பத்தி வகுக்கும் அதிகாரம் பெரிய அலுவலகங்களோடு நிற்கவில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் எழுத்தரும் பள்ளியின் ஆசிரியரும் ஒரு மாலைப்பொழுதில் அட்டவணை அமைத்துவிடுகிறார்கள். அதனால் முன்னே சர்க்கார் ஊழியருக்கு இருந்த கடமை இப்போது அவர்களுக்கும் உரியதாகிறது: எந்தப் பண்பை விதித்தோம், எதை விடுத்தோம், என்ன காரணம் பற்றி மாற்றினோம் என்பதை அந்த விளக்கப் பத்தியிலேயே தேதியோடு எழுதிவைப்பது. பின்வருவோர் தரவை நம்புவதற்கு அதுவே முதல் ஆதாரம்.